டேஷ்போர்டு முழுக்க பச்சை, ஆனா ஆப் டைம்அவுட் ஆகுது: 9 நோடு கசாண்ட்ராவுக்கு என்ன மெட்ரிக்ஸ் பாக்கணும்?

மார்ச் 3, இரவு 9:50 (கேள்வி)

9 நோடு (மிஷின்) சேந்து ஓடுற கசாண்ட்ரா டேட்டாபேஸ் கிளஸ்டர், ரெப்ளிகேஷன் ஃபேக்டர் 3 (ஒவ்வொரு டேட்டாவுக்கும் 3 நோடுல ரெப்ளிகா, அதாவது பிரதி), ரீடும் ரைட்டும் குவோரம் (3ல 2 பதில் சொன்னா போதும்). மெட்ரிக்ஸ் சேத்து வைக்க பிரோமிதியஸ், கிராஃப் வரைய கிராஃபானா ரெண்டும் போட்டு, நெட்ல கிடைச்ச ரெடிமேட் டேஷ்போர்டை இம்போர்ட் பண்ணியாச்சு. சிபியு 40 சதவீதத்தைத் தாண்டல, மெமரி பரவாயில்ல, டிஸ்க் பாதி காலி, 9 நோடும் அப். ஆனா ஆப் டீம் தினமும் டைம்அவுட்னு ஸ்க்ரீன்ஷாட்டா அனுப்பித் தள்றாங்க. என்னைக் கேட்டா டேட்டாபேஸ் நல்லா இருக்கு, பிரச்சினை ஆப்லதான். சிபியு, மெமரி, டிஸ்க் மூணும் பச்சைன்னா டேட்டாபேஸ் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? இல்ல இன்னும் எதாவது மெட்ரிக்ஸ் சேக்கணுமா?

மார்ச் 3, இரவு 10:35

இல்ல, அப்படி அர்த்தம் வராது. ஒத்தை மிஷின்ல ஓடுற டேட்டாபேஸுக்கே வராது, டிஸ்ட்ரிபியூட்டட்ல சுத்தமா வராது. காரணம் என்னன்னா, நீங்க ரெப்ளிகா 3 வச்சிருக்கறதே ஒண்ணு சொதப்பினா வெளிய தெரியக்கூடாதுன்னுதான். அது அந்த வேலையை ஒழுங்காப் பண்ணுது. ஒரு நோடு மெதுவானா மத்த ரெண்டும் பதில் சொல்லிடும், குவோரம் கிடைச்சிரும், கிளஸ்டர் மொத்தமாப் பாத்தா எல்லாம் சுபம். உள்ளுக்குள்ள உங்க கையிருப்பு ஒண்ணு கரைஞ்சு போயிருக்கும், அதை எந்தப் பச்சை விளக்கும் சொல்லாது. அடுத்து இன்னொரு நோடு லேசா தும்முற நேரத்துலதான் டைம்அவுட் வரும், தும்மின நோடை நீங்க தேடிப் போறப்ப அது சரியாயிருக்கும்.

அதனால நான் மானிட்டரிங் போடுறப்ப முதல்ல கேக்குற கேள்வி “இப்ப நல்லா இருக்கா”ங்கறது இல்ல. “இன்னும் எத்தனை அடி தாங்கும்”. நாளைக்கு எழுதப்போற எல்லாம் இதைச் சுத்திதான் வரும்.

இப்போதைக்கு ஒரே வேலை. அந்த டேஷ்போர்டுல லேட்டன்சி பேனலைத் திறந்து எடிட் போட்டு உள்ள குவெரி என்னன்னு பாருங்க. ஆவரேஜ்னு இருந்தா அதை எடுத்துட்டு 9 நோடுக்கும் தனித்தனிக் கோடு வரைங்க.

மார்ச் 4, காலை 7:15

நேத்து ஆவரேஜ் பத்தி சொன்னதுக்குக் கணக்கு. 8 நோடுல பி99 லேட்டன்சி (100 ரிக்வெஸ்ட்ல 99 முடியற நேரம்) 10 மில்லிசெகண்ட், ஒண்ணுல மட்டும் 2000 மில்லிசெகண்ட்னு வச்சுக்குவோம். ஆவரேஜ் 231 வரும். 10ம் இல்ல, 2000மும் இல்ல, எந்த நோடுலயும் இல்லாத ஒரு நம்பர். அதைப் பாக்குறவங்க “இன்னைக்குக் கொஞ்சம் லோடு போல”ன்னு நகந்துருவாங்க. மேக்சிமம் போட்டிருந்தா 2000 கண்ணுல குத்தியிருக்கும்.

இதுல இன்னொரு சங்கதியும் இருக்கு. பெர்சன்டைலை ஆவரேஜ் பண்றதுக்கு கணித ரீதியா அர்த்தமே கிடையாது, நோடுக்கு நோடு ரிக்வெஸ்ட் எண்ணிக்கை வேற வேற. ஒழுங்கா ஒண்ணு சேக்கணும்னா எத்தனை ரிக்வெஸ்ட் எந்த நேர வரம்புக்குள்ள முடிஞ்சதுன்னு எண்ணி வச்ச ஹிஸ்டோகிராம் பக்கெட்டா கையில இருக்கணும், பக்கெட்டுகளைக் கூட்டிட்டு அப்புறம் குவான்டைல் (பெர்சன்டைல்தான்) எடுக்கணும். பிரோமிதியஸ்ல அதுக்குத்தான் ஹிஸ்டோகிராம் குவான்டைல் ஃபங்ஷன் இருக்கு. ஆனா கசாண்ட்ரா ஜேஎம்எக்ஸ்ங்கற ஜாவா மெட்ரிக்ஸ் வாசல் வழியா பி95, பி99னு ரெடிமேடாக் கணக்குப் போட்டுத்தான் தருது, பிரோமிதியஸுக்கு மாத்திக் குடுக்குற ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டர் அதை அப்படியே எடுத்துட்டு வரும். ரெடியாப் போட்ட பெர்சன்டைலைத் திரும்பப் பிரிச்சுக் கூட்ட வழியில்ல. ஆக, மேக்சிமம், இல்லைனா தனித்தனிக் கோடு. ரெண்டு பேனலும் வைங்க.

கிராஃப்ல லேட்டன்சி படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குறதைப் பாத்துட்டு பயப்படாதீங்க. கசாண்ட்ராவோட உள் ஹிஸ்டோகிராம்ல ஒவ்வொரு பக்கெட்டும் முந்தினதைவிட 1.2 மடங்கு, அதனால 20 சதவீதத் தாவல் அந்த அளவுகோலோட குணம், டேட்டாபேஸோட குணம் இல்ல. இதைத் தெரியாம ரெண்டு டீம் மணிக்கணக்கா வாக்குவாதம் பண்ணினதை நேர்ல பாத்திருக்கேன்.

மார்ச் 4, மதியம் 1:05

ஒண்ணு கேக்க விட்டுப்போச்சு. ஆப் டீம் என்ன டிரைவர் (ஆப்ல இருந்து டேட்டாபேஸோட பேசுற லைப்ரரி) வச்சிருக்காங்க? ஜாவா டிரைவர் 4ன்னா ரிக்வெஸ்ட் டைம்அவுட் டிஃபால்ட் 2 செகண்ட். கசாண்ட்ரா பக்கம் ரீட் டைம்அவுட் டிஃபால்ட் 5 செகண்ட். நடுவுல 3 செகண்ட் இடைவெளி இருக்கு பாருங்க, ஆப் 2 செகண்ட்ல கைவிட்டுரும், சர்வர் மூணாவது செகண்ட்ல பதிலைத் தயார் பண்ணி அனுப்பி “வெற்றி”ன்னு கணக்குல எழுதிக்கும். சர்வர் பக்கம் டைம்அவுட் கவுன்ட்டர் பூஜ்யம், ஆப் பக்கம் சிவப்பு. ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்றீங்க.

இதனாலதான் டேட்டாபேஸ் மானிட்டரிங்ல பாதி ஆப் பக்கம் இருக்கணும்னு நான் பிடிவாதமாச் சொல்றது. டிரைவர்லயே மெட்ரிக்ஸ் இருக்கு, ஆன் பண்ணிக்கணும் அவ்வளவுதான். அங்க ஹிஸ்டோகிராமா பப்ளிஷ் பண்ண வச்சுட்டா காலைல சொன்ன பெர்சன்டைல் கூட்டுற பிரச்சினையும் அங்க தீந்துரும்.

மார்ச் 4, மாலை 6:20 (கேள்வி கேட்டவர்)

ஜாவா டிரைவர் 4தான், டைம்அவுட் எதையும் மாத்தலையாம். தனித்தனிக் கோடு வரைஞ்சேன், ஆனா கோடு எல்லாம் விட்டு விட்டு வருது, நடுநடுவுல ஓட்டை. எக்ஸ்போர்ட்டரை கைல கூப்பிட்டுப் பாத்தா பதில் வர 14 செகண்ட் ஆகுது. கீஸ்பேஸ் (டேபிள்களோட தொகுப்பு) எல்லாம் சேத்து 400 டேபிள் இருக்கு.

மார்ச் 4, இரவு 9:30

14 செகண்ட்னா ஓட்டை விழத்தான் செய்யும். பிரோமிதியஸ் ஒரு தடவை மெட்ரிக்ஸ் எடுத்துட்டு வர்றதுதான் ஸ்க்ரேப், அதோட டைம்அவுட் டிஃபால்ட் 10 செகண்ட், அதைத் தாண்டினா அந்த ஸ்க்ரேப் மொத்தமும் குப்பைக்குப் போயிரும், பாதி வந்ததைக்கூட வச்சுக்காது. ஸ்க்ரேப் வெற்றியான்னு சொல்ற அப் மெட்ரிக் 0 ஆயிரும். உங்க அலர்ட்ல அப் 0ன்னா நோடு டவுன்னு எழுதியிருந்தீங்கன்னா இந்நேரம் பொய் அலர்ட்டாக் குவிஞ்சிருக்கணும், வரலைன்னா அந்த அலர்ட்டே இல்லைன்னு அர்த்தம், அதையும் பாருங்க.

காரணம் அந்த 400 டேபிள். ஒவ்வொரு டேபிளுக்கும் கசாண்ட்ரா டஜன் கணக்குல மெட்ரிக்ஸ் வெளிய விடுது. டேபிளுக்கு 50 மெட்ரிக், ஒவ்வொண்ணும் குவான்டைல் கவுன்ட்னு 5 சீரீஸா (தனித்தனி எண் வரிசையா) உடையுதுன்னு குத்துமதிப்பா எடுத்தாலே நோடுக்கு 1 லட்சம், 9 நோடுக்கு 9 லட்சம் சீரீஸ். 15 செகண்டுக்கு ஒரு தடவை எடுத்தா செகண்டுக்கு 60,000 சாம்பிள். ஒரு சாம்பிள் பிரோமிதியஸ்ல 1லிருந்து 2 பைட் வரைக்கும் எடுக்கும், டிஃபால்ட் ரிட்டென்ஷன் (சேத்து வைக்கற காலம்) 15 நாள், பெருக்கிப் பாத்தா 78லிருந்து 156 ஜிபி. டிஸ்க்கை விடுங்க, அது மலிவு. 9 லட்சம் சீரீஸை மெமரில தாங்கணும், அதைவிட முக்கியமா கசாண்ட்ராவோட ஜேவிஎம் (அதை ஓட்டுற ஜாவா ரன்டைம்) ஒவ்வொரு 15 செகண்டும் லட்சம் எண்ணை எடுத்து டெக்ஸ்ட்டா எழுதிக் குடுக்கணும். கண்காணிக்கிற வேலையே கண்காணிக்கப்படுறதுக்குச் சுமையாகுது.

இதுல நிறைய பேர் சறுக்குற இடம், பிரோமிதியஸ் பக்கம் மெட்ரிக் ரீலேபல் போட்டு வேண்டாததை டிராப் பண்றது. அது சேமிக்கறதைக் குறைக்கும், எடுக்குறதைக் குறைக்காது. 14 செகண்ட் அப்படியே 14 செகண்டாத்தான் இருக்கும், ஏன்னா டிராப் நடக்கறது எல்லாம் வந்து சேந்தப்புறம். எக்ஸ்போர்ட்டர் கான்ஃபிக்லயே எந்த எம்பீன் (ஜேஎம்எக்ஸ்ல மெட்ரிக்கைத் தாங்குற பொருள்) வேணும் எது வேண்டாம்னு சொல்ல இடம் இருக்கு, அங்க வெட்டணும். டேபிள் அளவுல எனக்கு வேண்டியது ரீட் லேட்டன்சி, ரைட் லேட்டன்சி, ஒரு ரீடுக்கு எத்தனை எஸ்எஸ்டேபிள் (டிஸ்க்குல இருக்கற டேட்டா ஃபைல்) தொடுது, டூம்ஸ்டோன் (டெலிட் பண்ணதுக்கான அடையாளக் குறி) எத்தனை ஸ்கேன் ஆகுது, லைவ் டிஸ்க் அளவு. இவ்வளவு போதும், அதுவும் முக்கியமான டேபிளுக்கு மட்டும். சிஸ்டம் கீஸ்பேஸ் எல்லாம் மொத்தமாப் போகட்டும்.

வெட்டினதுக்கு அப்புறம் ஸ்க்ரேப் எவ்வளவு நேரம் எடுக்குது, எத்தனை சாம்பிள் வருதுங்கற ரெண்டையும் பேனலா வைங்க. பிரோமிதியஸ் ஒவ்வொரு டார்கெட்டுக்கும் அதைத் தானே பதிஞ்சு வைக்கும், யாரும் ஏறெடுத்துப் பாக்குறதில்ல. புது டேபிள் சேர்ற ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு ஏறும்.

மார்ச் 5, காலை 6:50

ஓட்டை பத்தி இன்னும் யோசிச்சேன். எக்ஸ்போர்ட்டர் ஜாவா ஏஜென்ட்டா அதே ஜேவிஎம்முக்குள்ள ஓடுதுன்னு நினைக்கிறேன், அதுதான் நல்லதும்கூட, தனி பிராசஸா வச்சு 7199 போர்ட்டுல ரிமோட் ஜேஎம்எக்ஸ்ல பேசுறது இன்னும் மெதுவு. ஆனா ஒரு விளைவு இருக்கு. ஜிசி பாஸ் (மெமரியைச் சுத்தம் பண்ண எல்லா வேலையையும் நிறுத்தற நேரம்) வந்து ஜேவிஎம் உறைஞ்சு நிக்கற நேரத்துல எக்ஸ்போர்ட்டரும் உறைஞ்சுரும். எந்த நேரத்தை நீங்க பாக்கணும்னு தவிக்கறீங்களோ அந்த நேரத்துக்கு டேட்டா இருக்காது. அதனால வெட்டினதுக்கு அப்புறமும் எங்கயாவது ஓட்டை மிஞ்சினா அதை நெட்வொர்க் பிழைன்னு ஒதுக்காதீங்க, அந்த ஓட்டையே ஒரு அளவீடு.

சின்ன பாஸ்கள் ரெண்டு ஸ்க்ரேப்புக்கு நடுவுல வந்துட்டுப் போயிரும். அதைப் பிடிக்கறதுக்கு அந்த நேர மதிப்பை மட்டும் காட்டுற கேஜ் உதவாது, கவுன்ட்டர் உதவும். ஜிசில மொத்தம் எத்தனை செகண்ட் போச்சுங்கறது கூடிக்கிட்டே போற கவுன்ட்டர், நடுவுல நடந்ததும் அதுல விடாமச் சேந்திருக்கும். ரேட் (கவுன்ட்டர் செகண்டுக்கு எவ்வளவு ஏறுது) போடுறப்ப ஜன்னல் (கணக்குல எடுக்குற நேர அளவு) ஸ்க்ரேப் இன்டர்வலோட 4 மடங்காவது இருக்கட்டும், 15 செகண்டுக்கு 1 நிமிஷம், ஒரு ஸ்க்ரேப் தவறினாலும் கோடு அறுந்து போகாது.

மார்ச் 5, இரவு 8:10 (கேள்வி கேட்டவர்)

எக்ஸ்போர்ட்டர்ல வெட்டினேன், 14 செகண்ட் 1 செகண்டுக்குக் கீழ வந்துருச்சு. இப்ப கோடு முழுசா வருது. 7வது நோடோட லோக்கல் ரீட் லேட்டன்சி மட்டும் மத்ததைவிட 10 மடங்கு மேல நிக்குது. எல்லா நேரமும். ஆனா ஆப் டைம்அவுட் எல்லா நேரமும் வரல, கொத்து கொத்தாத்தான் வருது. 7தான் காரணம்னா தொடர்ந்து வரணும்ல?

மார்ச் 5, இரவு 10:20

அருமை, நேரா அதுக்கே வந்துட்டீங்க. லோக்கல் ரீட் லேட்டன்சிங்கறது அந்த நோடு தன் டிஸ்க்குல இருந்து எடுத்துக் குடுக்க ஆன நேரம். கிளையன்ட் ரிக்வெஸ்ட் லேட்டன்சிங்கறது கோஆர்டினேட்டரா நின்னு மத்த ரெப்ளிகாக்களையும் கேட்டு பதில் சேத்துக் குடுக்க ஆன நேரம். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறதுதான் இந்த மாதிரி டேட்டாபேஸ்ல நோய் கண்டுபிடிக்கற கலை. லோக்கல் கம்மி, கோஆர்டினேட்டர் ஜாஸ்தின்னா தப்பு வேற நோடுலயோ நெட்வொர்க்லயோ கியூவுலயோ. லோக்கலே ஜாஸ்தின்னா தப்பு அங்கயே. நோட்டூல்ங்கற கசாண்ட்ரா கமாண்ட் லைன் டூல்ல கோஆர்டினேட்டர் பக்கத்துக்கு பிராக்ஸிஹிஸ்டோகிராம்ஸ், லோக்கல் பக்கத்துக்கு டேபிள்ஹிஸ்டோகிராம்ஸ்னு ரெண்டு கமாண்ட் தனித்தனியா இருக்கறது இதுக்குத்தான்.

ஏன் தொடர்ந்து வரலங்கறதுக்கு வரேன். கசாண்ட்ரால டைனமிக் ஸ்னிட்ச்னு ஒண்ணு டிஃபால்ட்டா ஆன்ல இருக்கு. எந்த ரெப்ளிகா மெதுவா பதில் சொல்லுதுன்னு ஒவ்வொரு கோஆர்டினேட்டரும் மார்க் போட்டு வச்சுக்கும், ரீடை வேகமான ரெப்ளிகா பக்கம் திருப்பிவிடும். அதாவது உங்க 7வது நோடை மத்த 8ம் ஏற்கெனவே ஓரங்கட்டியாச்சு. ஆனா அந்த மார்க் எல்லாம் டிஃபால்ட்டா 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை அழிஞ்சு புதுசா ஆரம்பிக்கும், மெதுவான நோடு திருந்தியிருக்கலாம், இன்னொரு வாய்ப்பு குடுப்போம்னு. அந்தப் புது ஆரம்பத்துல கொஞ்சம் ரீட் திரும்ப 7க்குப் போகும், அடி வாங்கும், மறுபடி ஓரங்கட்டும்.

ஒவ்வொரு கோஆர்டினேட்டருக்கும் அந்த 10 நிமிஷக் கடிகாரம் தனித்தனி, ஒவ்வொண்ணும் ஸ்டார்ட் ஆன நேரத்துல இருந்து ஓடுது. கிளஸ்டர் மொத்தமாக் கூட்டிப் பாத்தா ஒழுங்கே இல்லாம கொத்து கொத்தாத் தெரியும். டிரைவர் மெட்ரிக்ஸை கோஆர்டினேட்டர் வாரியாப் பிரிச்சு வரைஞ்சு பாருங்க, ஒவ்வொரு கோட்டுலயும் ஒரே இடைவெளில முள்ளு நிக்குதான்னு சொல்லுங்க.

மார்ச் 6, காலை 8:00

இன்னொருத்தர் தனியா கேட்டிருந்தார், “நாங்க காக்ரோச்டிபி, இது எங்களுக்கும் பொருந்துமா”ன்னு. அடிப்படை பொருந்தும், ஆனா கையிருப்பு கரையற விதம் வேற. காக்ரோச்டிபி மாதிரி ராஃப்ட் (பெரும்பான்மை ஒப்புக்கிட்டாத்தான் எழுதற முறை) வச்சு ஓடுறதுல ஒவ்வொரு ரேஞ்சுக்கும் (டேட்டாவோட ஒரு துண்டு) ஒரு லீடர், மத்த பிரதிகள் ஃபாலோயர். ஃபாலோயர் மெதுவானா பெரும்பான்மை மூடி மறைச்சிரும், லீடர் மெதுவானா மறைக்க யாருமில்ல, அந்த ரேஞ்சுக்குப் போற எல்லாரும் அடி வாங்குவாங்க. அதனால லீடர்கள் எந்த நோடுல எத்தனை குவிஞ்சிருக்குன்னு பாருங்க.

உங்களுக்கு எக்ஸ்போர்ட்டர் தொல்லை இல்ல, காக்ரோச்டிபி தன்னோட எச்டிடிபி போர்ட்டுல, டிஃபால்ட் 8080, பிரோமிதியஸ் ஃபார்மேட்லயே குடுத்துரும். அதுல அண்டர்ரெப்ளிகேட்டட் ரேஞ்சஸ்னு (பிரதி குறைஞ்ச ரேஞ்ச்) ஒரு மெட்ரிக் இருக்கு, நான் தேடுற “இன்னும் எத்தனை அடி தாங்கும்”ங்கறதுக்கு நேரான பதில் அதுதான். கசாண்ட்ராகாரங்களுக்கு அப்படி ஒத்தை எண் கிடையாது, ஹின்ட்ஸ் (டவுனான நோடுக்காக மத்தது சேத்து வைக்கற ரைட்), டிராப்டு மியூட்டேஷன் (சுமை தாங்காம கைவிட்ட ரைட்), டவுன் நோடு எண்ணிக்கைன்னு துண்டு துண்டாச் சேக்கணும். காக்ரோச்டிபில அன்அவைலபிள் ரேஞ்சஸ் 0க்கு மேல போச்சுன்னா அது எச்சரிக்கை இல்ல, ஏற்கெனவே விழுந்தாச்சு.

கடிகாரம் ரொம்ப முக்கியம். காக்ரோச்டிபில டிஃபால்ட் மேக்ஸ் ஆஃப்செட் (நோடுகளோட கடிகார வித்தியாச வரம்பு) 500 மில்லிசெகண்ட், அதுல 80 சதவீதம், அதாவது 400ஐத் தாண்டி பாதி நோடுகளோட ஒத்துப்போகலைன்னா அந்த நோடு தன்னைத்தானே நிறுத்திக்கும். கசாண்ட்ரால அப்படி நிறுத்தாது, அதுதான் இன்னும் பயம். அங்க கடைசியா எழுதினது ஜெயிக்கும், கடைசிங்கறதை டைம்ஸ்டாம்ப்தான் முடிவு பண்ணும், கடிகாரம் முன்னால ஓடுற ஒரு மிஷின் எழுதினது அப்புறம் வந்த சரியான அப்டேட்டை அமுக்கிரும். எரர் இல்ல, லாக் இல்ல, டேட்டா மட்டும் தப்பு. மிஷினோட மெட்ரிக்ஸ் தர்ற நோட் எக்ஸ்போர்ட்டர்ல டைம்எக்ஸ் ஆஃப்செட் (கடிகார விலகல்) வருது, ரெண்டு டேட்டாபேஸ்காரங்களும் அதுக்கு அலர்ட் வைங்க. ஆப் சர்வர்லயும் வைங்க, ஏன்னா டைம்ஸ்டாம்ப்பைப் பெரும்பாலும் டிரைவர்தான் போடுது.

எட்சிடி (ராஃப்ட்லயே ஓடுற கீ-வேல்யூ டேட்டாபேஸ்) வச்சிருக்கவங்களுக்கு ஒரு வரி: வால் எஃப்சிங்க் (ரைட் லாக்கை டிஸ்க்குல எழுதி முடிக்கற நேரம்) பி99 10 மில்லிசெகண்டுக்குக் கீழ, பேக்எண்ட் கமிட் பி99 25க்குக் கீழ, லீடர் மாற்றம் அடிக்கடி வரக்கூடாது. ஹார்ட்பீட் டிஃபால்ட் 100, எலெக்ஷன் டைம்அவுட் 1000 மில்லிசெகண்ட், டிஸ்க் திணறினா தேர்தல் மேல தேர்தலா நடக்கும்.

மார்ச் 6, மதியம் 12:40 (கேள்வி கேட்டவர்)

முள்ளு நிக்குது!! கோஆர்டினேட்டர் வாரியாப் பிரிச்சா ஒவ்வொண்ணுலயும் 10 நிமிஷத்துக்கு ஒண்ணு. ஆப் டீம்கிட்ட போய் சொல்லிட்டேன், டேட்டாபேஸ்லதான்னு. 7வது நோடோட டிஸ்க் யூட்டிலைசேஷன் பாத்தா மத்ததைப் போலத்தான் இருக்கு, அதான் குழப்பம்.

மார்ச் 6, மதியம் 2:15

யூட்டிலைசேஷன் சதவீதத்தை எஸ்எஸ்டி, என்விஎம்இல நம்பாதீங்க. டிஸ்க் எத்தனை நேரம் ஏதோ ஒரு வேலையாவது கையில வச்சிருந்ததுங்கறது மட்டும்தான் அது, ஒரே நேரத்துல பல வேலை செய்யற டிஸ்க்குக்கு அது ஒண்ணும் சொல்லாது. நோட் எக்ஸ்போர்ட்டர்ல டிஸ்க் ரீட் டைம் செகண்ட்ஸ் கவுன்ட்டரோட ரேட்டை, முடிஞ்ச ரீட்களோட ரேட்டால வகுத்துப் பாருங்க. ஒரு ரீடுக்கு சராசரியா எவ்வளவு நேரம்னு வரும். 7ஐ மத்ததோட ஒப்பிடுங்க. ஸ்மார்ட் விவரத்தையும் (டிஸ்க் தன் உடல்நிலை பத்தித் தானே சொல்றது) எடுங்க, நோட் எக்ஸ்போர்ட்டர் அதைத் தானா தராது, ஸ்மார்ட்சிடிஎல் எக்ஸ்போர்ட்டர் தனியாப் போடணும், இல்லைனா க்ரான்ல குறிச்ச நேரத்துக்கு ஓட்டி, ஃபைல்ல எழுதினதைப் படிக்கற நோட் எக்ஸ்போர்ட்டரோட டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டருக்குக் குடுக்கலாம்.

மார்ச் 6, இரவு 11:00

அலர்ட் பத்தி. இதுல எனக்கு ரொம்ப ஆழமான எண்ணம் உண்டு, ராத்திரி அலர்ட்டால ஒரு டீம் உடைஞ்சு போனதைப் பக்கத்துல இருந்து பாத்தவன். ஆரம்பத்துல எல்லாத்துக்கும் அலர்ட் வச்சாங்க. சிபியு 80க்கு மேல, ஹீப் (ஜேவிஎம் மெமரி) 75க்கு மேல, பெண்டிங் கம்பேக்ஷன் (காத்திருக்கற எஸ்எஸ்டேபிள் ஒண்ணாக்குற வேலை) 20க்கு மேல. ராத்திரி முழுக்க ஃபோன் அடிக்கும், எழுந்து பாத்தா தானே சரியாயிருக்கும். கொஞ்ச காலத்துல எல்லாரும் சேனலை மியூட் பண்ணிட்டாங்க, யாரையும் குத்தம் சொல்ல முடியாது, மனுஷன் தூங்கணும்ல. அப்புறம் நிஜமாவே ரெண்டு நோடு சேந்து போனப்ப அலர்ட் சரியா வந்தது, பாக்கத்தான் ஆளில்ல.

அதுக்கப்புறம் நான் வச்சுக்கிட்ட வழக்கம், ஆளை எழுப்புற அலர்ட் ரெண்டே வகைதான். ஒண்ணு, ஆப் பக்கம் இருந்து பாக்குறப்ப யூசருக்கு வலிக்குது. ரெண்டு, இன்னும் ஒரு அடி விழுந்தா யூசருக்கு வலிக்கும், கையிருப்பு பூஜ்யம். மத்ததெல்லாம் காலைல ஆபீஸ்ல பாக்குற டிக்கெட். ரெப்ளிகா 3, குவோரம்னா மட்டும் ஒரு விதிவிலக்கு, கையிருப்பு போனாலும் மத்த ரெண்டும் தாங்குறதால ஒரு நோடு போனா டிக்கெட், ரெண்டு போனா ஃபோன்.

அலர்ட்டை அனுப்பி வைக்கற அலர்ட்மேனேஜர்ல இன்ஹிபிஷன் (ஒரு அலர்ட் இருந்தா மத்ததை அடக்கறது) கட்டாயம் போடுங்க. நோடு டவுன்னு ஒரு அலர்ட் இருக்கறப்ப அதே நோடோட டிஸ்க், லேட்டன்சி, ஜிசி அலர்ட் எதுவும் வெளிய போகக்கூடாது. குரூப் வெயிட் (அலர்ட்டுகளை ஒண்ணு சேத்து அனுப்பக் காத்திருக்கற நேரம்) டிஃபால்ட் 30 செகண்ட், ரிபீட் (திரும்ப அனுப்புற இடைவெளி) 4 மணி நேரம், அதை நான் பெரும்பாலும் தொடறதில்ல.

மார்ச் 7, காலை 6:30

நேத்து ராத்திரி எழுதினதுல ஒரு இடத்தை மாத்தணும். “ஒரு நோடு போனா டிக்கெட்”ங்கறது பாதிதான் சரி, அந்த டிக்கெட்டுக்குக் கெடு உண்டு. நோடு கீழ இருக்கற நேரத்துல அதுக்குப் போக வேண்டிய ரைட்டை மத்த நோடுகள் ஹின்ட்டா சேத்து வைக்கும், ஆனா டிஃபால்ட்டா 3 மணி நேரம்தான். அதுக்கு மேல சேக்காது, நோடு திரும்பி வந்தாலும் அந்த இடைவெளி டேட்டா அதுகிட்ட இருக்காது, ரிப்பேர் (ரெப்ளிகாக்களை ஒப்பிட்டு விட்டுப்போனதை நிரப்பற வேலை) ஓட்டியே ஆகணும். டேபிளோட ஜிசி கிரேஸ் (டூம்ஸ்டோனை வச்சிருக்கற காலம்) டிஃபால்ட்டா 864000 செகண்ட், அதாவது 10 நாள் தாண்டியும் ரிப்பேர் ஓடலைன்னா டெலிட் பண்ண டேட்டா உயிரோட திரும்பி வர வாய்ப்பு இருக்கு.

ஆகவே இப்படி வைங்க: ஒரு நோடு டவுன், 5 நிமிஷம், டிக்கெட். அதே நோடு 2 மணி நேரமாகியும் எழுந்திருக்கலைன்னா, எந்த நேரமா இருந்தாலும் ஃபோன். கையில 1 மணி நேரம் மிச்சம் இருக்கும்.

அதே காரணத்துக்காக கடைசியா எப்ப ரிப்பேர் முழுசா முடிஞ்சதுங்கற நேரத்தை மெட்ரிக்கா ஏத்துங்க. ரிப்பேர் ஸ்கிரிப்ட் முடியறப்ப டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டர்ல டைம்ஸ்டாம்ப் ஒண்ணு எழுதினா போதும். 7 நாள் தாண்டினா டிக்கெட். இந்த மெட்ரிக் எந்த ரெடிமேட் டேஷ்போர்டுலயும் நான் பாத்ததில்ல, என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் வைக்கலாம்னு சொன்னா இதைத்தான் வைப்பேன்.

மார்ச் 7, காலை 6:45

இல்ல, ஒண்ணே ஒண்ணுன்னா ஆப் பக்க லேட்டன்சி. இது ரெண்டாவது.

மார்ச் 8, மாலை 5:30 (கேள்வி கேட்டவர்)

7வது நோடுல ஒரு எஸ்எஸ்டி போய்க்கிட்டு இருக்கு, ஸ்மார்ட்ல ரீஅலகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாத்தின இடம்) ஏறிக்கிட்டே வருது. நோடை எடுத்துட்டு டிஸ்க் மாத்தப்போறோம். எடுக்கறதுக்கு முன்னாடி எதைப் பாக்கணும்?

மார்ச் 8, மாலை 6:05

எடுக்கறதுக்கு முன்னாடி மத்த 8லயும் பெண்டிங் கம்பேக்ஷன், டிராப்டு மெசேஜ், ஹின்ட்ஸ் மூணும் பாருங்க. 7 எடுத்ததும் கையிருப்பு போயிரும், அந்த நேரத்துல பக்கத்து ரெப்ளிகா கம்பேக்ஷன்ல மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தா அதே டைம்அவுட் ரெண்டு மடங்கா வரும். பெண்டிங் கம்பேக்ஷன்ல எண் முக்கியமில்ல, போக்கு முக்கியம். 200 இருந்து இறங்கிக்கிட்டு இருந்தா போகலாம், 30 இருந்து ஏறிக்கிட்டு இருந்தா நில்லுங்க.

டிஸ்க் இடமும். சைஸ் டையர்டு (ஒரே அளவு ஃபைல்களைச் சேக்கற) கம்பேக்ஷன் முறைன்னா மோசமான சமயத்துல டேட்டா அளவுக்கே இன்னொரு மடங்கு காலி இடம் கேக்கும், “பாதி காலி”ங்கறது அங்க சௌகரியம் இல்ல, விளிம்பு. நிறைய பேர் பிரெடிக்ட் லீனியர் (இப்ப இருக்கற போக்கை நேர்கோடா நீட்டிக் கணிக்கற பிரோமிதியஸ் ஃபங்ஷன்) போட்டு 4 நாள்ல நிறையும்னு அலர்ட் வைப்பாங்க, நல்ல யோசனைதான், ஆனா கம்பேக்ஷனால டிஸ்க் கோடு ரம்பப்பல்லு மாதிரி ஏறி இறங்கும். 1 மணி நேர ஜன்னல் குடுத்தா ஏறுற பல்லைப் பாத்துட்டு உலகம் அழியப்போகுதுன்னு கத்தும். குறைஞ்சது ஒரு முழு நாள் ஜன்னல் குடுங்க.

மார்ச் 9, இரவு 9:15

பிரோமிதியஸ் எங்க ஓடுதுன்னு யாரும் சொல்லல, அதனால நானே கேக்கறேன். கசாண்ட்ரா நோடுகள்லயே ஒண்ணுலயா? நான் பாத்த ஒரு இடத்துல டேட்டாபேஸும் மானிட்டரிங்கும் ஒரே ஸ்விட்ச்சுக்குக் கீழ இருந்தது. ஸ்விட்ச் போச்சு. ஒரு அலர்ட்கூட வரல, அமைதியா இருந்ததால எல்லாரும் நல்லா இருக்குன்னு நினைச்சாங்க, யூசர் ஃபோன் பண்ணித்தான் தெரிஞ்சது.

தனி மிஷின், முடிஞ்சா தனி ஜோன், ஒரே கான்ஃபிக்ல ரெண்டு பிரோமிதியஸ். ரெண்டும் ஒரே அலர்ட்டை அனுப்பினாலும் அலர்ட்மேனேஜர் ஒண்ணாக்கிரும். அதோட எப்பவும் அடிச்சுக்கிட்டே இருக்கற அலர்ட் ஒண்ணு எழுதி, வெளிய இருக்கற ஏதாவது சர்வீஸுக்கு அனுப்புங்க. அது வர்றது நின்னா அந்த சர்வீஸ் உங்களைக் கூப்பிடணும். அமைதிக்கும் அலர்ட் வேணும்.

15 நாள் ரிட்டென்ஷன் போதுமான்னும் ஒருத்தர் கேட்டார். அவசரத்துக்குப் போதும், போன வருஷம் இதே மாசம் லோடு எப்படி இருந்ததுன்னு பாக்கப் போதாது. எல்லாத்தையும் நீட்டி வைக்காதீங்க, ரெக்கார்டிங் ரூல் (கணக்குப் போட்ட விடையைத் தனி சீரீஸா எழுதி வைக்கறது) போட்டு நோடுக்கு ஒரு கைப்பிடி சீரீஸை மட்டும் தானோஸ், மிமிர் மாதிரி நீண்டகாலச் சேமிப்பு ஒண்ணுக்கு அனுப்புங்க.

மார்ச் 11, காலை 7:40 (கேள்வி கேட்டவர்)

டிஸ்க் மாத்தியாச்சு, 7 திரும்ப வந்துருச்சு, 10 நிமிஷ முள்ளு போயிருச்சு. நோடு எடுத்திருந்த நேரத்துல அலர்ட் எல்லாத்தையும் சைலன்ஸ் பண்ணியிருந்தோம். இப்ப ரிப்பேர் ஓடுது.

மார்ச் 11, காலை 8:10

ரொம்ப சந்தோஷம். நோடு 3 மணி நேரத்துக்கு மேல வெளிய இருந்திருக்கும், அதனால ரிப்பேர் முடியற வரைக்கும் 7ஐ முழு ரெப்ளிகாவா கணக்குல எடுக்காதீங்க, அந்த நேரம் முழுக்க இன்னொரு நோடை ரீஸ்டார்ட் பண்றது, அப்கிரேட் பண்றது எதுவும் வேண்டாம்.

சைலன்ஸை இப்பவே போய்ப் பாருங்க. எல்லாத்தையும்னு போட்டிருந்தா மத்த 8ம் இந்த நிமிஷம் யாரும் பாக்காம ஓடிக்கிட்டு இருக்கு, அதுவும் கையிருப்பு இல்லாத நேரத்துல. அதை எடுத்துட்டு 7வது நோடோட இன்ஸ்டன்ஸ் லேபலுக்கு மட்டும் புதுசாப் போடுங்க, முடிவு நேரம் ரிப்பேர் முடியற நேரம். ரிப்பேர் ஓடுறப்ப பெண்டிங் கம்பேக்ஷன் ஏறும், அது எதிர்பாத்ததுதான், டிராப்டு மியூட்டேஷன் ஏறினா மட்டும் ரிப்பேரை நிறுத்திட்டு சின்னச் சின்ன ரேஞ்சா பிரிச்சு ஓட்டுங்க.